பதினோராவது அட்டை

நான் ஓய்வுபெற்ற நாளில் அலுவலகத்தில் ஒரு கேக் வெட்டினார்கள். என் மேசைக்கு வரப்போகும் மெட்டே என்ற பெண், வாயில் கேக்கோடு ஒரு கேள்வி கேட்டாள். இப்போது கட்சித் தலைவரின் பேச்சைக் கணினித் திரையில் எல்லோரும் ஒன்றாகத் திருத்துகிறார்கள். யார் எந்த வரியை வெட்டினாலும் அவர் பெயர் பக்கத்தில் வந்து நிற்கும். "முன்பெல்லாம் எப்படிச் செய்தீர்கள்?" என்றாள். பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள், புள்ளி வைத்த வரியை நான் எடுத்துவிடுவேன் என்றேன். "யார் வைத்த புள்ளி என்று எப்படித் தெரியும்?" "தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே புள்ளி!" எல்லோரும் சிரித்தார்கள். மறக்க முடியாத புள்ளி ஏதும் உண்டா என்று அவள் விடாமல் கேட்டாள். ஓர் அமைச்சரின் மனைவி பெயரை நான் பிழையாக அடித்த கதையைச் சொல்லிச் சமாளித்தேன். அது மறக்கக்கூடிய கதைதான். மறக்க முடியாதது வேறொன்று உண்டு. அதைக் கேக் தின்றுகொண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னார்க்காரி. அகதியாக டென்மார்க்குக்கு வந்தேன், மொழி வகுப்புக்குப் போனேன், ஓகூஸ் நகரத்தில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தேன், பிறகு வணிகப் பள்ளியில் படித்து எழுதுவினைஞர் ஆனேன். இத்தனை வருடப் பாடுகளை ஒரு வரியில் எழுதலாம் போலிருக்கிறது. அந்தக் கட்சி அலுவலகத்தின் நிலத்தைத்தான் நான் முதலில் துடைத்தேன். கடைசியில் அந்த நிலத்தில் போட்ட கதிரையில் இருந்தேன், இருபத்திரண்டு ஆண்டுகள். எங்கள் சனம் இதைப் பெரிய கதையாகச் சொல்லும். எனக்கும் அதில் பெருமை இருந்தது, இல்லை என்றால் பொய். கட்சியின் பெயரைச் சொல்லமாட்டேன். எந்தக் கட்சியாக இருந்தாலும் கதை அதிகம் மாறாது.

என் மேலதிகாரி ஈங்கர். நெட்டையான, மெலிந்த பெண், ஆறிப்போன கோப்பியைத்தான் குடிப்பாள். இருபது ஆண்டுகளில் அவள் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பார்ப்போம்" என்பாள். அந்தப் பார்ப்போமுக்கு முடியாது என்று அர்த்தம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பிழை விட்டால் திட்டமாட்டாள். எனக்குப் பின்னால் வந்து நின்று, நான் அடித்ததைச் சத்தமாக வாசிப்பாள். பிழை வந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். அவ்வளவுதான். திட்டு வாங்கியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

தலைவரின் பேச்சு என்றால் அது ஒரு சடங்கு. பாதித் தாள் அளவான தடித்த அட்டைகளில், பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். ஒரு வாக்கியம் இரண்டு அட்டைகளுக்கு நடுவே பிளந்து போகக்கூடாது. வலது மூலையில் இலக்கம். எந்த அட்டையும் பாதி வெறுமையாக இருக்கக்கூடாது. ஏனென்றால், வெறும் இடத்தைக் கண்டால் தலைவர் பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்துவிடுவார். ஒருமுறை ரண்டர்ஸ் நகரத்தில் அப்படித்தான், முதியோர் ஓய்வூதியத்தின் நடுவிலே நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். சனம் அதற்கும் கைதட்டியது. அதற்குப் பிறகு ஒரு வரியை எடுத்தால் அந்த இடத்தை வேறு வரியால் நிரப்புவது என் பொறுப்பாயிற்று.

புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். கட்சிக்குக் கைகொடுக்கும் முதலாளிமாருக்கு ஒரு கூட்டம் இருந்தது, வணிக வட்டம் என்று பெயர். தொழிற்சாலைக்காரர், கப்பல் முகவர், துப்புரவுக் கம்பனிக்காரர், இப்படி ஒரு பன்னிரண்டு பேர். வசந்த மாநாட்டன்று மதியம் அவர்களுக்கும் தலைவருக்கும் தனி அறையில் சாப்பாடு. பேச்சின் வரைவு ஒரு நீல உறையில் அந்த அறைக்குள் போகும், "தகவல் பிழை இருந்தால் பார்க்க". திரும்பி வரும்போது சில வரிகளின் ஓரத்தில் புள்ளி இருக்கும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத் தலைவருக்கு உத்தரவு போட்டு நான் கண்டதில்லை. அதட்டியதில்லை, மிரட்டியதில்லை. தலைவரின் பிள்ளைகளின் பெயர் அவர்களுக்குத் தெரியும். கோடையில் அவரைத் தங்கள் படகில் கூட்டிக்கொண்டு போவார்கள். கோடை முழுக்க ஒருவனுடைய படகில் இருந்துவிட்டு, மாநாட்டில் அவனுக்குப் பிடிக்காததைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

என் தொடக்க காலத்தில் ஒரு வரைவில், விடியமுன் வேலைக்குப் போகும் துப்புரவுத் தொழிலாளரைப் பற்றி ஒரு நல்ல பந்தி இருந்தது. நீல உறை திரும்பி வந்தபோது அந்தப் பந்தி முழுக்கப் புள்ளி. அந்த அறையில் இருந்த துப்புரவுக் கம்பனிக்காரரிடம்தான் நான் நான்கு வருடம் வாளி தூக்கியிருந்தேன், என் கைத்தோல் உரிந்ததும் அவருடைய சவர்க்காரத்தில்தான். நான் என்ன செய்தேன்? பந்தியை எடுத்துவிட்டு, சைக்கிள் பாதைகளைப் பற்றி இரண்டு வரி போட்டு நிரப்பினேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. உள்வீட்டு விஷயம் தெரிந்த ஆள் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். நினைக்க வெட்கமாக இருக்கிறது.

வட்டத்தில் எனக்குப் பிடித்தவர் புரூன். துணி முதலாளி. அவருடைய உடுப்புகள் கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தைக்கப்பட்டன. ஆண்டுக்கு இரண்டு தரம் போய்வருவார், வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பெட்டி தேயிலை கொண்டுவருவார். அந்தக் கட்டடத்திலேயே மன்னார் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பெயர் அட்டை வைப்பது என் வேலை. ஆறு வருடமாக அவரைத் தலைவரின் வலது பக்கத்திலேயே இருத்தினேன்.

போரின் கடைசி மாதங்கள் வந்தன. என் தங்கை பிலோமினா, அவள் புருஷன், ஒரு பெடியன், ஒரு பெட்டை, நான்கு பேரும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு தொடர்பு இல்லை. வேலை தொடங்கமுன் இணையத்தில் வரும் படங்களைப் பெரிதாக்கி, கிடக்கிற சனத்தின் முகங்களைப் பார்ப்பேன். அவளுடைய சட்டை ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியவில்லை என்றால் ஒரு நிம்மதி, உடனே அந்த நிம்மதியில் ஒரு பயம். ஈங்கர் ஒருநாள் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். சத்தமாக வாசிக்க அதில் ஒன்றும் இல்லை. என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

ரண்டர்ஸில் இருந்து சூசை அண்ணை என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார். அங்கே தமிழ்ச் சங்கத்தை நடத்துகிறவர், இருபத்தைந்து வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் நின்றவர். குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே கதிரையின் நுனியில் இருந்தார்.

"தங்கச்சி, உன்ரை தலைவர் மாநாட்டிலை ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். நாளைக்குப் பேப்பரிலை வரும், மற்றக் கட்சிக்காரரும் வாய் திறப்பினம். செல்லடியை நிப்பாட்டுங்கோ, சாப்பாடு மருந்தை உள்ளுக்கு விடுங்கோ. வேறை என்னத்தைக் கேக்கிறம்?"

"நான் கதைச்சுப் பாக்கிறன் அண்ணை."

"பாக்கிறன் எண்டு சொல்லாதை. கதை."

கதைத்தேன். மாடிப்படியில் தலைவரை மறித்து என் தங்கையைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் உதவி அது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியது, அது நடிப்பில்லை. "நான் சொல்கிறேன்," என்றார். "நீயே எழுதி ஈங்கரிடம் கொடு." மூன்று வாக்கியங்கள் எழுதினேன். ஈங்கர் எனக்குப் பின்னால் நின்று வாசித்தாள், எங்கும் நிறுத்தவில்லை. பதினோராவது அட்டையில் அது ஏறியது.

உடனே சூசை அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பெடியள் செத்தவர்களின் படங்களைப் பெரிதாக அச்சடித்து, மாநாட்டு வாசலில் பிடித்துக்கொண்டு நிற்க ஆயத்தமாகியிருந்தார்கள்.

"வேண்டாம் அண்ணை," என்றேன். "அவர் சொல்லப்போறார். நீங்கள் படத்தோடை வாசலிலை நிண்டா உள்ளுக்கு இருக்கிறவை பயந்துபோடுவினம், அவரும் பின்வாங்கிப்போடுவார்."

"அப்ப நாங்கள் சும்மா இருக்கிறதோ?"

"சாப்பாடு கொண்டுவாங்கோ. எல்லாருக்கும்."

ஆம், நான்தான் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. டாக்டரிடமோ, பிள்ளையின் ஆசிரியரிடமோ, கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்கோ எதையாவது கேட்கப் போனால் வெறுங்கையோடு போகமாட்டோம். இந்த நாட்டில் நாங்கள் வாங்கிய நல்ல பெயரில் பாதி மீன் ரோல்ஸால் வாங்கியது.

"பெடியள் என்னோடை சண்டைக்கு வாறாங்கள், தங்கச்சி. செத்த சனத்தின்ரை படத்தை வீட்டிலை வைச்சிட்டு வடையைத் தூக்கிக்கொண்டு போறதோ எண்டு கேக்கிறாங்கள்."

"நான் பொறுப்பு அண்ணை," என்றேன்.

மாநாடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ரண்டர்ஸிலும் ஓகூஸிலும் பெண்கள் விடியத் தொடங்கிச் சமைத்திருந்தார்கள். மீன் ரோல்ஸ், உளுந்து வடை, கட்லட், இரண்டு வான் வண்டி நிறைய. பிரதிநிதிகள் வரிசையில் நின்று வாங்கினார்கள், இரண்டாம் தரமும் வந்தார்கள். சூசை அண்ணை கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். தலைவர் வந்து, நின்றபடியே இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டு, உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரோடு பகிடி விட்டார். அண்ணை என்னைத் தேடிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு எங்கள் சனம் முழுக்க மேல்மாடத்தில் போய் இருந்தது, முன்வரிசையில் பெண்கள் சேலையோடு.

நான் தனி அறைக்குப் போய் பெயர் அட்டைகளை வைத்தேன். புரூனின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இன்றைக்கு மட்டும் கடைசி மேசையில் போட்டால் என்ன? ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் ஆறு வருடமாக வைத்த இடத்தை மாற்ற எனக்குக் கை வரவில்லை. வலது பக்கத்திலேயே வைத்தேன். அவர் உள்ளே வரும்போது என்னைக் கண்டு நின்றார்.

"உங்கள் சாப்பாடு அருமை. தங்கையிடமிருந்து ஏதும் செய்தி?"

"இல்லை."

"சீக்கிரம் முடிந்துவிடும். கொழும்பில் இருப்பவர்களோடு நான் ஒவ்வொரு வாரமும் பேசுகிறேன். இப்போது யாரும் சத்தம் போடாமல் இருந்தால் நல்லது."

அன்பாகத்தான் சொன்னார். கதவு மூடியது. நீல உறை உள்ளே இருந்தது. பக்கத்து அறையில் கணினிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமும் கிண்ணச் சத்தமும் கேட்டன. செபமாலையைச் சட்டைப்பைக்குள் உருட்டிக்கொண்டு, எத்தனையாவது மணி என்றுகூடத் தெரியாமல் செபித்தேன்.

ஈங்கர் உறையோடு வந்தாள். மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல நிற்காமல் கதிரையில் இருந்தாள். நான் நேரே பதினோராவது அட்டையைப் புரட்டினேன். மூன்று வாக்கியங்கள், மூன்று புள்ளிகள். மெல்லிய, துப்புரவான புள்ளிகள்.

"தலைவர் எனக்கு வாக்குக் கொடுத்தார்," என்றேன்.

"கொடுத்தார்."

"யார் வைத்தது?"

"எனக்குத் தெரியாது. நான் அறைக்கு வெளியே நின்றேன்." பிறகு சொன்னாள், "இலையுதிர்காலத்தில் புரூன் கொழும்புக்கு ஒரு வர்த்தகக் குழுவைக் கூட்டிக்கொண்டு போகிறார். தலைவரும் போகிறார். அங்கே தைக்கிற பெண்களின் வேலையையும் யோசிக்க வேண்டும் என்கிறார்கள். தலைவர் வெளிநாட்டு அமைச்சுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுவாராம். பார்ப்போம்."

பார்ப்போம். நான் அவளைப் பார்த்தேன், அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "இதை நீ அடிக்க வேண்டாம்," என்றாள். "எழும்பு. நான் அடிக்கிறேன்."

எழும்பியிருக்கலாம். எழும்பி மேல்மாடத்துக்குப் போய் அண்ணையிடம் சொல்லியிருக்கலாம். அட்டையைத் தொடாமல் அப்படியே கொடுத்திருக்கலாம், வாசித்தாலும் வாசித்திருப்பார். மூன்றும் எனக்குத் தோன்றின. அதோடு, வேலை போகுமே என்ற பயமும் தோன்றியது. இந்தக் கதிரையில் வேறொருத்தி இருந்தால் எங்கள் சனத்துக்கு உள்ளே ஆளே இல்லாமல் போகும், நான் இருந்தால் அடுத்தமுறை ஏதாவது செய்யலாம் என்றும் தோன்றியது. அடுத்தமுறை! பிலோமினாவுக்கு அடுத்த கிழமை இருக்கிறதா என்றே தெரியாத நேரத்தில் நான் அடுத்த மாநாட்டைப் பற்றி யோசித்தேன்.

"இல்லை, நான் செய்கிறேன்," என்றேன்.

மூன்று வாக்கியங்களையும் எடுத்தேன். அட்டை பாதி வெறுமையாயிற்று. பேச்சுக்கு இருபது நிமிடம் இருந்தது.

"இரண்டு வரி வேண்டும்," என்றாள் ஈங்கர். "உன் ஆட்களைப் பற்றியே ஏதாவது போடேன். மேலே வந்து இருக்கிறார்கள், பாவம். அவர்களுக்கு எது சந்தோஷம் தரும் என்று உனக்குத்தானே தெரியும்."

நான் அடித்தேன்: "இன்று எமக்குச் சுவையான உணவு தந்த தமிழ் நண்பர்களுக்கு நன்றி. இவர்கள் இந்த நாட்டில் உழைத்து முன்னேறியிருப்பது எம் எல்லோருக்கும் பெருமை." ஈங்கர் பின்னால் நின்று சத்தமாக வாசித்தாள். எங்கும் நிறுத்தவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தலைவர் மேடையில் வாசித்த, எங்கள் சனத்தைப் பற்றி நான் எழுதிய வரிகள் அவை மட்டும்தான்.

பதினோராவது அட்டை வந்தது. தலைவர் வாசித்தார், நிமிர்ந்து மேல்மாடத்தை நோக்கிக் கையை உயர்த்தினார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. எங்கள் சனத்துக்கு டேனிஷ் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம், உணவு என்ற சொல்லும் நன்றி என்ற சொல்லும் தெரியாமலா இத்தனை காலம் வேலை செய்தார்கள்? சூசை அண்ணை முன்னால் சாய்ந்து அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தார். தலைவர் அட்டையைப் புரட்டி ஆஸ்பத்திரிகளைப் பற்றித் தொடங்கினார். மண்டபத்துச் சனம் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணை எழும்பிக் கைகூப்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழும்பிக் கும்பிட்டார்கள்.

பேச்சு முடிந்து நான் வெளியே போனபோது, வான் வண்டியடியில் அண்ணை வெறும் தட்டங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அவர் அந்தப் பகுதியை எங்கையோ விட்டுப்போட்டார் போலை."

"ஓம் அண்ணை. மறந்துபோனார் போலை."

"பெரிய பேச்செல்லே. மறக்கும்." என் முகத்தை ஒருதரம் பார்த்தார். "நீ என்ன செய்வாய், பிள்ளை. நீயும் கனக்கக் கஷ்டப்பட்டனி."

அவர் ஏசியிருக்கலாம். பெடியள் தூரத்தில் நின்றார்கள், ஒருவனும் எனக்கு முகம் தரவில்லை. அண்ணை அதற்குப் பிறகு ஒரு காரியத்துக்கும் என்னிடம் வரவில்லை. கோயிலில் கண்டால் சுகம் கேட்பார், அவ்வளவுதான்.

சில கிழமைகளில் போர் முடிந்தது. அமைச்சுக்கு எழுதுவதாகச் சொன்ன கடிதம் போகவே இல்லை. வெளியே போகும் கடிதம் ஒவ்வொன்றையும் கோப்பில் போடுகிறவள் நான், எனக்குத் தெரியும். இலையுதிர்காலத்தில் தலைவர் கொழும்புக்குப் போய்வந்தார். புரூன் தேயிலை கொண்டுவந்தார். வாங்கினேன், நன்றியும் சொன்னேன். அதற்குப் பிறகும் பத்து வருடம் புள்ளிகளை எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிலோமினா உயிரோடு இருந்தாள். புருஷனும் மகனும் இல்லை. அவளையும் மகளையும் முகாமில் ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் கண்டுபிடித்துத் தந்தார். இப்போது மன்னாரில் மகளோடும் பேத்தியோடும் இருக்கிறாள். பதுங்குகுழிக்குள் பட்டினியோடு, யாரோ வைத்திருந்த வானொலியில், எந்த நாடாவது தங்களைப் பற்றிக் கதைக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிடந்ததாக முன்பே ஒருதரம் சொல்லியிருக்கிறாள். அப்போது நான் பேச்சை மாற்றிவிட்டேன். இந்த முறை, வேலையும் முடிந்துவிட்டது, இனி எதைக் காப்பாற்ற வேண்டும் என்று, தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை, புள்ளிகளை, நான் அடித்த இரண்டு வரிகளை.

"எத்தினை பேருக்குச் சமைச்சனீங்கள், அக்கா?"

"முந்நூறு பேருக்கு."

"மிஞ்சினதோ?"

"மிஞ்சினது. எங்கடை கட்சிக் கந்தோர் குளிர்பெட்டியிலை கிடந்தது. திங்கக்கிழமை நான்தான் எடுத்துக் கொட்டினனான்."

பின்னால் பிள்ளையின் சத்தம் கேட்டது.

"சரி அக்கா, இவள் பள்ளிக்கூடத்தாலை வந்திட்டாள். பிறகு எடுக்கிறன்," என்றாள்.

மூன்று கிழமையாகிறது. இன்னும் எடுக்கவில்லை.